பசு இல்லாத பால்

மதுரைச் சாப்பாடு என்று பேச்செடுத்தால் போதும்... கறிதோசை, கோலா உருண்டை, அயிரை மீன் குழம்பு என்று பட்டியல் நீளும். கேட்கிறவர் நாக்கில் எச்சில் ஊறும். அதே மதுரைக்கு மேற்கே ஒரு மலை நிற்கிறது. ‘உயிரைக் கொன்று தின்னாதே’ என்று சொன்னவர்கள் வாழ்ந்த மலை!

தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி, கீழக்குயில்குடி பக்கம் போனால் வருவது சமணர் மலை. செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்று இரண்டு இடங்களில் பாறையிலேயே தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கீழே வட்டெழுத்தில், செய்துவைத்தவர்களின் பெயர்கள். எல்லாம் 9, 10-ஆம் நூற்றாண்டுக் காலத்தவை. அதாவது, 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தரோடு மதுரையில் சமணம் முடிந்துவிட்டது என்று நாம் கேட்ட கதைக்கு இருநூறு, முந்நூறு வருஷம் கழித்தும் இங்கே ஒரு சமணப் பள்ளி ஜோராக நடந்திருக்கிறது.

சரி, சமைக்கக் கூடாத அந்தத் துறவிகளுக்குச் சோறு போட்டது யார்? ஊர்க்காரர்கள்தான். மதுரைக்கு வடக்கே அழகர்மலைக் குகையில், இவற்றைவிடப் பல நூற்றாண்டு பழைய தமிழ் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. துறவிகளுக்குக் கொடை கொடுத்தவர்களின் பட்டியல் அது. உப்பு வணிகன், அறுவை வணிகன் (துணி வியாபாரி), கொழு வணிகன் (ஏர்க்கொழு விற்பவர்), பாணித வணிகன் (வெல்லப்பாகு விற்பவர்) என்று அத்தனை பேரும் கடைத்தெரு ஆசாமிகள். புலால் தின்னாத கூட்டத்தை வாழவைத்தது மதுரை பஜார்!

பிறகு காலம் மாறியது. புலால் மறுப்பை சிவபக்தர்களில் ஒரு பகுதியினரும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அந்தச் சாப்பாட்டுக்குப் பெயரே ‘சைவம்’ என்றாகிவிட்டது. வாதத்தில் தோற்றவர்களின் சாப்பாட்டுக்கு ஜெயித்தவர்களின் பெயர். சரித்திரத்துக்கு இப்படியும் ஒரு குறும்பு உண்டு.

பெயர் நிலைத்ததே தவிர, தமிழர்கள் எல்லோரும் சைவமாகிவிடவில்லை. மத்திய அரசின் 2014 மாதிரிக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அப்படியானால் தெருவுக்குத் தெரு சைவ ஓட்டல் எப்படி முளைத்தது?

1875-ல் மதுரைக்கு ரயில் வந்தது. வெளியூர் போகிறவர்கள் பெருகினார்கள். யார் கையால் சமைத்ததை யார் சாப்பிடுவது என்ற கேள்வியும் கூடவே டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொண்டது. ‘பிராமணாள் காபி கிளப்’ போர்டுகள் தொங்கின. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். பெரியாரின் இயக்கம் விடாமல் எதிர்த்த பிறகு, 1941-ல்தான் ரயில்வேயில் அந்தப் பிரிவினை ஒழிந்தது. அதன் பிறகும் போர்டுகள் போகவில்லை. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் மாதக்கணக்கில் மறியல் நடந்தது. தினம் தினம் கைது. கடைசியில் போர்டிலிருந்து ‘பிராமணாள்’ இறங்கியது.

இதற்கு நேர் எதிர்த் திசையில், 1930-களில் திருமங்கலத்துக்குப் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் ஊர் ஊராகப் போய் முனியாண்டி விலாஸ் திறந்தார்கள். காசு கொடுத்தால் யாருக்கும் கறிசோறு. ‘நீ யாரு, என்ன ஆளு?’ என்ற விசாரணை கிடையாது.

விளைவு என்ன தெரியுமா? சைவ ஓட்டல் என்றாலே ‘ஆசாரம்’ என்ற வாசனை ஒட்டிக்கொண்டது. அசைவ ஓட்டலில் காய்கறி ஓரத்துக்குப் போனது. இன்றைக்கும் கறிக்கடைக் கூட்டத்தோடு போய் உட்காரும் ஒரு சைவக்காரரிடம் சர்வர் சொல்வது என்ன? “உங்களுக்கு சாம்பார், ரசம் இருக்கு சார். ஆம்லெட் சாப்பிடுவீங்களா?” அவ்வளவுதான் மெனு!

‘அதனால் என்ன, ஒரு வேளைச் சோறுதானே’ என்று தோன்றலாம். ஒரு ஓட்டலால் ஒரு மனிதனை என்ன செய்ய முடியும் என்று பார்க்க, லண்டனுக்கு ஒரு நடை போய்வரலாம்.

1888. பாரிஸ்டர் படிக்கப் போன காந்திக்கு வயது 18. புலால் தொடுவதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்துவிட்டுக் கப்பல் ஏறியவர். அந்தச் சத்தியத்தை வாங்கிக் கொடுத்தவர் யார் தெரியுமா? பேசார்ஜி ஸ்வாமி என்ற சமணத் துறவி! லண்டனில் வேகவைத்த உப்புச்சப்பற்ற காய்கறியும் ரொட்டியும்தான் கதி. அரை வயிறு, கால் வயிறு. தெருத் தெருவாக மைல் கணக்கில் நடந்து, ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சால்ட்டின் புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்து வந்தபிறகு வயிறார அவர் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. அதுவரை சத்தியத்துக்காகச் சைவம். அந்தப் புத்தகத்தைப் படித்தபிறகு, மனசார விரும்பிச் சைவம். அந்த ஓட்டல் கண்ணில் படாமல் போயிருந்தால்?

காந்தி அதோடு நிற்கவில்லை. 1912-ல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் பாலையும் விட்டார். பால் கறக்க மாட்டைப் படுத்தும் பாடு அவரை உறுத்தியது. பின்னாளில் உடம்பு மோசமானபோது, கஸ்தூரிபா சொன்ன யோசனைப்படி ஆட்டுப்பால் குடித்தார். அந்த வருத்தம் அவருக்குத் தீரவே இல்லை. பாலும் வேண்டாம், முட்டையும் வேண்டாம் என்பவர்களுக்கு ‘வீகன்’ என்ற பெயர் வந்ததே 1944-ல், இங்கிலாந்தில்தான்.

இந்த வீகன் விஷயம் நம் சைவ ஓட்டல்களையே திணறடிக்கும். பொங்கலில் நெய். ரோஸ்ட்டில் நெய். காபியில் பால். ‘ஸ்பெஷல்’ என்றால் பனீர். பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளி பாலுக்கும் உண்டு. வீகன் உணவுக்கென்று இந்தியாவில் தனி விதிகள் வந்தது 2022-ல்தான்.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்’ என்று தள்ளிவிடாதீர்கள். மதுரைத் தெருவில் சாயங்காலம் தள்ளுவண்டியில் ஆவி பறக்க விற்கிறார்களே, பருத்திப்பால்... அது என்ன? பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து பாலெடுக்கிறார்கள். கொஞ்சம் அரிசிமாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். சொட்டு மாட்டுப்பால் கிடையாது! திருமங்கலம், விருதுநகர் கரிசலில் விளைந்த பருத்தியில் பஞ்சு மில்லுக்குப் போனது. கொட்டை மாட்டுக்குப் போனது. மாடு அதைத் தின்று பால் கொடுத்தது. மதுரைக்காரன் கெட்டிக்காரன். நடுவில் மாடு எதற்கு என்று கொட்டையிலிருந்தே பாலெடுத்துவிட்டான்!

பருத்திப்பால் மட்டுமா? மொச்சைக் குழம்பு, எண்ணெய்க் கத்தரிக்காய், வாழைப்பூ வடை, தட்டப்பயறுச் சுண்டல், கருணைக்கிழங்கு மசியல் எல்லாம் நெய்யும் பாலும் கேட்காத பண்டங்கள். கறி தின்கிற வீட்டு அடுப்பிலும் செவ்வாய், வெள்ளியில் இவைதான் கொதிக்கும். வீட்டில் இருப்பது ஓட்டல் மெனுவில் ஏன் ஏறவில்லை? கேட்க ஆள் இல்லை. அதுதான் காரணம்.

திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரம் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. தின்பதற்கு வாங்குகிறவன் இருப்பதால்தான் விற்கிறவன் இருக்கிறான் என்பது வள்ளுவர் வாதம். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கேட்கிறவன் இருந்தால் மொச்சைக் குழம்பும் மெனுவுக்கு வரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ‘சுத்தம்’, ‘ஆசாரம்’ என்ற பழைய போர்டை மறுபடி மாட்டிவிடக் கூடாது. பக்கத்து இலையில் கறி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். யாரையும் எழுந்து போகச் சொல்லாமல், எல்லோரும் உட்கார்ந்த அதே பெஞ்சில் இன்னும் நாலு காய்கறிப் பண்டம் வந்தால் போதும்.

அடுத்த முறை ஓட்டலில் உட்காரும்போது கேட்டுப் பாருங்களேன்: “அண்ணே, நெய் ஊத்தாம, பால் சேர்க்காம இன்னிக்கு என்ன இருக்கு?” முதல் நாள் சர்வர் முழிப்பார். பத்துப் பேர் கேட்டால் முதலாளி காதுக்குப் போகும். நூறு பேர் கேட்டால் அடுப்புக்குப் போகும்.