கோடைக் குடில்களின் பழைய படங்கள்



தோஹாவிலிருந்து துபாய்க்குச் சென்றுவந்தவர்கள் ஜுமைராவின் மாளிகைகளைக் கண்டிருப்பீர்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன் அது மீனவரும் முத்துக்குளிப்போரும் வாழ்ந்த கடற்கரைச் சிற்றூர். ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூம் 1955-இல் அங்கே தமக்கொரு கோடை இல்லம் எழுப்பினார். பவளக்கல்லாலும் தேக்கு மரத்தாலும் அமைந்த அவ்வில்லம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

எளியோரின் கோடை வீடு பேரீச்ச மட்டையால் ஆனது. அரபியில் அதனை 'அரீஷ்' என்பர்; 'பராஸ்தி' என்ற பெயரும் உண்டு. இந்தக் கரையின் பழைய வாழ்வை 1940-களின் இறுதியில் வில்பிரட் தெசிகர், ரொனால்ட் கோட்ராய் ஆகிய ஆங்கிலேயர் இருவர் படம்பிடித்தனர். தெசிகரின் படங்கள் ஆக்ஸ்போர்டில் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. மட்டைகளுக்கிடையே இடைவெளி விட்டுக் கட்டியதால் கடற்காற்று சுவரினூடே உள்ளே புகும். சில வீடுகளின் கூரைமேல் சாக்குத்துணியால் காற்றுக்கூண்டும் அமைத்தனர். ஓலைக் குடிசையில் பிறந்த நம் கடற்கரை மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்குப் பனை, தென்னை, அவர்களுக்குப் பேரீச்சை.

ஆனால் அந்தக் குடில்களில் கோடைக்காலத்தில் ஆண்கள் பெரும்பாலும் இருந்ததில்லை. முத்துக்குளிப்பின் பெரும்பருவம் ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரை. நான்கு மாதம் அவர்கள் படகிலேயே கிடந்தனர். பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் குடில்களில் காத்திருந்தனர். பல குடும்பங்கள் ஒட்டகமேறி லிவா, அல் ஐன் போன்ற சோலைகளுக்கு ஈச்சம்பழ அறுவடைக்குச் சென்றன. கடலுக்குப் போனவனோ படகுத்தலைவனான நகுதாவிடம் முன்பணம் வாங்கிய கடனாளி. பருவம் பொய்த்தால் கடன் அடுத்த ஆண்டுக்கு ஏறும். தந்தையின் கடன் மகன் தலையில் விழுந்ததும் உண்டு. முன்பணம் என்ற சொல்லின் கனம் உங்களில் பலருக்குத் தெரியும்.

ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் 1930-களில் அத்தொழிலைச் சாய்த்தன. அதன் பின்னரே அவ்விருவரும் படக்கருவியோடு வந்தனர். ஆகவே அவர்களுடைய படங்களில் குடில்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுப் பெருந்திரளாய்க் கடலேறிய அந்தக் கோடைகள் இல்லை.

இன்று கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. கிட்டத்தட்ட அதே மாதங்கள்! தொழில்பேட்டை அறைகளுக்கு வரும்போதெல்லாம், ஊரில் கட்டிய புதுவீட்டின் படத்தை யாரேனும் அலைபேசியில் எனக்குக் காட்டுகிறீர்கள். வாசலில் மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லாரும் நிற்கிறார்கள். அப்படங்களை அழித்துவிடாதீர்கள். எந்த ஆண்டு எடுத்தது, அன்று நீங்கள் எங்கே, என்ன வேலையில் இருந்தீர்கள் என்பதையும் கூடவே எழுதி வையுங்கள்.