மடத்துக் கதவும் பழைய உடையும்

துறவறம் நாடி வருவோனுக்கு மடத்துக் கதவு உடனே திறக்கும் என்றே பலரும் எண்ணுவர். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மோந்தே கசினோ மலைமீது மடம் கண்டவர் புனித ஆசீர்வாதப்பர். பெனடிக்ட் என்றும் வழங்கப்பெறுபவர். அவர்தம் ஒழுங்குநூலின் 58ஆம் அதிகாரமோ, புதியவனுக்கு எளிதில் இடந்தரலாகாது என்கிறது. நான்கைந்து நாள் வாயிலில் நின்று, கடுமொழியும் பொறுத்து, விடாது வேண்டுவோனுக்கே கதவு திறக்கும்.

அதன்பின் ஓராண்டுச் சோதனை. அவன் மெய்யாகவே இறைவனைத் தேடுகிறானா என்று மூத்த துறவி ஒருவர் கூர்ந்து நோக்குவார். இரண்டு திங்கள் கழித்தும், பின் ஆறு, அதற்குப்பின் நான்கு திங்கள் கழித்தும் ஒழுங்குநூல் முழுதும் படித்துக் காட்டப்பெறும். இயலாதெனின் தடையின்றிச் செல்லலாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் நவதுறவுக் காலத்திற்குப் பன்னிரு திங்களையே விதித்தது.

இவற்றினும் சிந்தனைக்குரியது அவனது பழைய உடை. வார்த்தைப்பாடு அளித்த நாளில் அதனைக் களைந்து துறவாடை அணிவிப்பர். ஆயினும் பழையதை எறிவதில்லை. என்றேனும் அவன் வெளியேற நேரின் உடுத்திச் செல்லவென உடையறையில் பேணி வைப்பர். வாழ்நாள் உறுதி வாங்கியோர், மனித மனத்தின் தளர்ச்சியையும் அறிந்தே இருந்தனர் போலும்! உடை மீளக் கிடைக்கும். அவன் தன் கையாலேயே பீடத்தின்மேல் வைத்த உறுதிமுறியோ மடத்திலேயே தங்கிவிடும்.