கொல்லிமலை அடிவாரமும் ஹெச்.ஐ.வி.யும்: பெண்களுக்கு நோய் வந்த வழி

இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில், பாலியல் தொழிலில் இருந்த ஆறு பெண்களுக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து 'இது அந்த மாதிரிப் பெண்களுக்கு வரும் நோய்' என்ற எண்ணம் ஊன்றிவிட்டது.

ஆனால் நடந்தது வேறு. சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த பெண்களைப் பற்றிய ஆய்வு 2000ல் வெளியானது. அதில் 88 சதவீதம் பேர் ஒரே ஆணுடன் மட்டுமே வாழ்ந்தவர்கள். அதாவது கணவனுடன்!

இதற்கு நாமக்கல் மாவட்டமே நல்ல உதாரணம். லாரித் தொழிலும் பாடி கட்டும் பட்டறைகளும் நிறைந்த ஊர் நாமக்கல். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடமாநிலங்கள் வரை போகின்றன. வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கும் ஆண்கள் வழியில் பெற்ற தொற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இதே மாவட்டத்தைச் சேர்ந்த கௌசல்யா, 1990களில் லாரி ஓட்டுநரான உறவினருக்கு மணமுடிக்கப்பட்டவர். மாப்பிள்ளைக்கு நோய் இருந்தது அவருக்குச் சொல்லப்படவில்லை. அவர் சும்மா இருந்துவிடவில்லை. 1998ல் ஹெச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கென சென்னையில் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்.

பெண்களின் ஆபத்தைக் கூட்டிய சமூகக் காரணங்கள் பல. சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் பெண் வீட்டார் விசாரிப்பதில்லை. உடனே குழந்தை வேண்டும் என்ற வீட்டில் ஆணுறை பேச்சுக்கே இடமில்லை. கணவனை மறுத்தால் போக வேறு இடமும் இல்லை.

கொல்லிமலையில் இந்தக் கடைசிக் காரணம் இன்னும் கனமானது. இங்கு வாழும் மலையாளி மக்கள் பழங்குடியினர். மகளுக்கும் விதவைக்கும் சொத்தில் பங்கு தரும் இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது; வழக்கம் என்ன சொல்கிறதோ அதுதான். கணவன் இறந்தால் நிலம் கையில் நிற்குமா என்பது நிச்சயமில்லை. பெரிய ஆஸ்பத்திரி என்றால் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்க வேண்டும்.

2003 வாக்கில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று தமிழகமெங்கும் விளம்பரம் கேட்டது. புள்ளிராஜாவின் மனைவியைப் பற்றி அது கேட்கவில்லை.

2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாக கூட்டு மருந்து சிகிச்சை தருகிறது. பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 2017ல் நிறைவேறி, 2018ல் அமலுக்கு வந்தது. மருந்து உயிரைக் காக்கிறது. ஆனால் 'முதலில் பரிசோதனை, பிறகு கல்யாணம்' என்று ஒரு பெண் தைரியமாகச் சொல்ல, அவள் பெயரில் கொஞ்சம் நிலமும் கையில் ஒரு வேலையும் வேண்டும் என்பதே இந்த வரலாறு சொல்லும் பாடம்.