பாக்டீரியோரோடாப்சின்

செறிந்த உப்புநீரில் வாழும் ஹாலோபாக்டீரியம் சலினாரம் என்ற ஆர்க்கியா வகை நுண்ணுயிரின் சவ்வில் உள்ள ஊதாநிறப் புரதம். ஒளி பட்டால் செல்லுக்குள்ளிருந்து புரோட்டான்களை வெளியே தள்ளும்.

தென்பெண்ணை போன்ற ஆற்றின் நன்னீரில் இவ்வுயிர் பிழைக்காது, செல் வெடித்துவிடும். இதன் இனத்துக்கு ஏற்ற இடம் மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களைப் போன்ற உப்புநீர். நீர் வற்றி உப்பு இறுகும் பாத்திகள் இளஞ்சிவப்பாவதில் இவ்வினத்துக்குப் பங்குண்டு. ஆனால் அந்தச் சிவப்பைப் பெரிதும் தருவது பாக்டீரியோரூபெரின் என்ற வேறு நிறமி. உப்பிட்ட மீன் சிவந்து கெடுவதும் இவ்வகை நுண்ணுயிர்களால்தான்.

நன்னீர் தாங்காத அந்தக் குணமே ஆய்வாளர்களுக்கு வாய்ப்பானது. செல்லைத் தண்ணீரில் இட்டால் மற்றவை சிதையும், ஊதாச் சவ்வுத் துண்டுகள் மட்டும் குலையாமல் எஞ்சும். 1971-இல் ஓஸ்டர்ஹெல்ட்டும் ஸ்டோக்கினியஸும் அத்துண்டுகளில் நம் விழித்திரையில் உள்ள அதே ரெட்டினாலைக் கண்டனர். 1973-இல் அது புரோட்டான் எக்கி என்றனர். மரபுக் குறியீட்டு ஆய்வுக்காக 1968-இல் நோபல் பரிசு பெற்ற ஹர் கோவிந்த் குரானா பின்னாளில் கைவைத்தது இந்தப் புரதத்தில். அதன் 248 அமினோ அமிலங்களின் வரிசையை 1979-இல் அவர் குழுவும் மாஸ்கோவில் ஓவ்சின்னிகோவ் குழுவும் தனித்தனியே வெளியிட்டன.

வாங்கிய ஒளியில் எவ்வளவு புரதத்தில் தங்குகிறது, எவ்வளவு வெப்பமாகப் போகிறது என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை தேடிய முறை விசித்திரமானது: ஒலியைக் கேட்பது. கண நேர ஒளித்துடிப்பு பட்ட கரைசல் சூடாகி விரிந்து அழுத்த அலையை எழுப்பும். ஒளியால் ஒலி பிறப்பதை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880-இலேயே கவனித்திருந்தார். சிக்கல் என்னவென்றால், புரதம் வடிவம் மாறிச் சுருங்கினாலும் அதே போன்ற அலை எழும். இரண்டையும் பிரித்துக் கொடுத்தது தண்ணீரேதான். 4 பாகை செல்சியசை ஒட்டி அது சூட்டால் விரிவதில்லை. ஆகவே அங்கே கேட்பது பருமன் மாற்றம் மட்டுமே. மற்ற வெப்பநிலைகளில் எழும் ஒலியோடு ஒப்பிட்டால் வெப்பத்தின் பங்கு தெரிந்துவிடும். எளிய யோசனை, ஆனால் இத்துறையின் மிக அழகிய உத்தி இதுவே எனலாம்.

டொனால்ட் ஆர்ட்டும் வில்லியம் பார்சனும் 1978-இல் இப்புரதத்தின் பருமன் மாற்றங்களையும், 1979-இல் வெப்ப மாற்றங்களையும் அளந்து வெளியிட்டனர். 1983-இல் பர்ஜும் கூப்பரும் வேறு வழியில், கடுங்குளிரில் வெப்பத்தையே அளந்து, ஒளி பட்டதும் நிகழும் முதற்படியில் மோலுக்குச் சுமார் 16 கிலோகலோரி சேமிக்கப்படுவதாகக் கணித்தனர். உறிஞ்சப்படும் 570 நானோமீட்டர் ஒளியின் ஆற்றல் ஏறத்தாழ 50 கிலோகலோரி. மூன்றில் ஒரு பங்கு தங்குகிறது. புரதத்தில் மின்னூட்டங்கள் இடம் மாறும்போது சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் நெருங்குவதோ விலகுவதோ முன்சொன்ன பருமன் மாற்றத்துக்கு ஒரு காரணம்.

இதே குடும்பத்தின் ஹாலோரோடாப்சின் குளோரைடை உள்ளே இழுப்பது என 1982-இல் தெரிந்தது. சோடியத்தை வெளியேற்றும் கேஆர்2 என்ற புரதம் 2013-இல், கடல் பாக்டீரியா ஒன்றில் கிடைத்தது. ஹாலோரோடாப்சினை நரம்பணுவில் புகுத்தி, ஒளி பாய்ச்சி அந்த நரம்பணுவை அடக்கிவைக்கும் முறை 2007 முதல் ஆய்வகங்களில் இருக்கிறது.