கதவுக்கு வெளியே நின்ற வாசகிகள்

எங்கள் பாடசாலை நூலகத்தின் சாவி என் கைக்கு வந்த முதல் மூன்று வருடங்களும், பாடசாலை விட்ட பின்னர் 2 மணியிலிருந்து 4 மணிவரை அதைத் திறந்து வைத்தேன். மாதமொரு கவியரங்கும் நடத்தினோம். பையன்கள் வந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒருநாள் இரவல் பதிவேட்டைப் புரட்டியபோது, ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுடைய பெயரில் பெரியவர்கள் வாசிக்கும் நாவல்கள் வரிசையாகக் கிடந்தன. விசாரித்தேன். மறுநாள் அவனுடைய ராத்தா வந்து நின்றாள்.

"ரெண்டு மணிக்குப் பிறகு வீட்டில விடமாட்டாங்க சேர். தம்பிக்கிட்டச் சொல்லித்தான் எடுக்கிற."

அன்றிரவு என் பழைய ஆசிரியர் கலாசாலைக் குறிப்புக் கொப்பியைத் தேடி எடுத்தேன். மாணவர் சேவைக்கு முன்மாதிரி என்று அதில் நான் எழுதி வைத்திருந்தது அமெரிக்காவின் ஹாவர்ட் கல்லூரி நூலகத்தின் ஒரு பகுதியான லமொன்ட் நூலகத்தை. குறிப்பு அரைப்பக்கம். அதன் மறுபாதியைப் பின்னர்தான் தேடி வாசித்து அறிந்தேன்.

ஹாவர்டின் பெரிய நூலகம் வைட்னர். டைட்டானிக் கப்பலோடு 1912இல் மூழ்கிப்போன ஓர் இளைஞரின் நினைவாக அவருடைய தாயார் கட்டிக் கொடுத்தது, 1915இல் திறக்கப்பட்டது. ஆராய்ச்சியாளருக்கு அது சுரங்கம். ஆனால் அக்காலத்தில் பட்டப்படிப்பு மாணவர் பொதுவாக அதன் தட்டுகளுக்கிடையே நடந்து திரிய முடியவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. அலுமாரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று நூலின் முதுகை மட்டும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த ஏக்கம் விளங்கும்.

1937இல் நூலகப் பொறுப்பை ஏற்ற கீஸ் மெட்காஃப் இதற்கு ஒரு வழி கண்டார். மாணவருக்கென்றே தனிக் கட்டடம், திறந்த தட்டுகள், வாசலில் மட்டும் பைகளைப் பார்த்தால் போதும். வங்கியாளர் தோமஸ் லமொன்ட்டின் நன்கொடையில் 1949இல் அது திறக்கப்பட்டது. அமெரிக்காவில் பட்டப்படிப்பு மாணவருக்கெனத் தனியே கட்டப்பட்ட முதல் பல்கலைக்கழக நூலகம் அதுதான்.

என்னை ஈர்த்தது அங்கிருந்த கவிதை அறை. 1931இல் வைட்னரில் தொடங்கிய வுட்பெரி கவிதை அறை, 1949இல் லமொன்ட்டுக்கு வந்தது. பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ அதை வடிவமைத்தார். இசைத்தட்டைச் சுழலவிட்டு, காதில் ஹெட்போனைப் பொருத்திக்கொண்டு, கவிஞரின் குரலிலேயே கவிதையைக் கேட்கலாம். பேராசிரியர் பக்கார்ட் 1933இலேயே டி.எஸ். எலியட்டைக் கொண்டு வாசிக்கச் செய்து பதிவு செய்திருந்தார். கவிதை காதுக்குரியது என்பதைக் கவியரங்குகளில் வளர்ந்த நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நம் கவியரங்குகளில் ஒலித்த எத்தனை குரல்களை நாம் சேமித்து வைத்தோம்?

கொப்பியில் இல்லாத பாதி இதுதான். ஹாவர்டின் சகோதரக் கல்லூரியான ரெட்கிளிஃப்பின் மாணவியர் 1943 முதல் ஹாவர்ட் ஆசிரியர்களிடம், ஹாவர்ட் வகுப்பறைகளிலேயே ஆண்களோடு சேர்ந்து படிக்கத் தொடங்கியிருந்தனர். பாடம் ஒன்று, ஆசிரியர் ஒருவர். ஆயினும் ஆறு வருடங்களின் பின் திறந்த லமொன்ட், ஆண்களுக்கு மட்டும் என்றாயிற்று. மூலைகளும் தடுப்புகளும் நிறைந்த கட்டடம், பெண்களும் வந்தால் கண்காணிக்க ஆட்கள் கூடுதலாக வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. இந்தக் காரணத்தை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர்க் கூட்டங்களில் இதே வசனத்தை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்!

1958இலும் 1959இலும் சில்வியா பிளாத் தன் கவிதைகளைக் கவிதை அறைக்காக வாசித்துப் பதிவு செய்தார். ஒரு பெண்ணின் குரலைப் பேணிய கட்டடம், மாணவியரைச் சாதாரண வாசகராக உள்ளே விடவில்லை. மாணவியருக்கென ஹில்ஸ் நூலகம் 1966இல் எழுந்தது. லமொன்ட்டின் கதவு திறந்தது 1967இல். கட்டடத்துக்கு அப்போது வயது பதினெட்டு.

அங்கே தடை சட்டமாக எழுதப்பட்டிருந்தது. ஆகவே எதை மாற்ற வேண்டும் என்று கேட்கவாவது முடிந்தது. நானோ எந்தத் தடையும் எழுதவில்லை. நேரசூசியை மட்டுமே எழுதினேன்.

இப்போது காலையில் மணி அடிக்க முன்னரும் இடைவேளையிலும் நூலகத்தைத் திறக்கிறோம். அந்தச் சிறுவனின் பெயரில் இருந்த நாவல்களை ராத்தாவின் பெயருக்கு மாற்றி எழுதினேன். கவியரங்கைப் பாடவேளைக்குள் கொண்டுவர அதிபர் இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த தவணைக் கூட்டத்தில் மறுபடியும் கேட்கப் போகிறேன்.