கவிராயர் வைத்தியரா?

சாரல் சீசனுக்குக் குற்றாலம் வந்திருந்த வங்காள நண்பர் ஒருவரிடம் குற்றாலக் குறவஞ்சி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதியவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் என்றதும், "அவர் வைத்தியரா?" என்று கேட்டார். வங்காளத்தில் 'கவிராஜ்' என்றால் (அவர் உச்சரிப்பில் கோபிராஜ்) ஆயுர்வேத வைத்தியராம். குடும்பப் பெயராகவும் இருக்கிறதாம். அன்றைக்குப் பிடித்த நூல் இது.

சொல் ஒன்றுதான். கவிராஜா, அதாவது கவிகளின் அரசர். 4-ஆம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தரை அலகாபாத் தூண் கல்வெட்டு இந்தப் பட்டத்தால் புகழ்கிறது. பின்னால் வந்த ராஜசேகரர், தன் காவ்யமீமாம்சையில் புலவர்களைத் தரம் பிரிக்கும்போது, மகாகவிக்கும் ஒரு படி மேலே கவிராஜரை வைக்கிறார். ஆக, தொடக்கத்தில் இது திறமைக்குக் கொடுத்த கிரேடு. குலத்தைச் சொல்கிற பெயரே இல்லை.

தமிழில் ராஜா 'ராயர்' ஆனாலும் பொருள் மாறவில்லை, கவிராயர் புலவர்தான். குறவஞ்சி பாடியதற்காக மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் (ஆட்சி 1706–1732) கொடுத்த நிலம்தான் குறவஞ்சிமேடு. பட்டம் குடும்பத்தில் இறங்குவதும் நம்ம பக்கம் நடந்ததுதான். முகவூர் இராமசாமிக் கவிராயரின் பிள்ளைகளும் கவிராயர்களே.

வங்காளத்தில் கதை இரண்டாகக் கிளைக்கிறது. சைதன்ய சரிதாமிர்தம் எழுதிய கிருஷ்ணதாச கவிராஜ் புலவர். சரக சம்ஹிதைக்கு உரை எழுதிய கங்காதர் கவிராஜ் (1798–1885) பேர்போன வைத்தியர். காசியில் அரசு சம்ஸ்கிருதக் கல்லூரி முதல்வராக இருந்த கோபிநாத் கவிராஜ் (1887–1976) தத்துவ அறிஞர். அவர் குடும்பத்தின் பெயர் பாக்சி, கவிராஜ் என்பது மேலே வந்து ஒட்டிக்கொண்ட பட்டம். இன்றைய வங்கதேசக் கிராமங்களில் முஸ்லிம் கவிராஜ்களும் மருந்து கொடுக்கிறார்கள்.

சரி, புலவர் எப்படி வைத்தியர் ஆனார்? என் ஊகம் இது: பழைய மருத்துவ நூல்கள் பெரும்பாலும் செய்யுளில் இருந்தன. மருந்து தெரிய வேண்டுமானால் செய்யுள் தெரிய வேண்டும். நோயாளியின் கண்ணுக்கு, மனப்பாடமாகச் சுலோகம் சொல்கிற மனுஷன்தான் டாக்டர். படித்தவருக்கான பட்டம் அவர்மேல் ஏறிவிட்டது.

இதற்குச் சான்று தேடிக் கொல்கத்தா போக வேண்டாம், தென்காசிப் பக்கமே இருக்கிறது. சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர். இசை ஆராய்ச்சிக்காக, 'கருணாமிர்த சாகர'த்துக்காக அவரை நாம் நினைக்கிறோம். ஆனால் தஞ்சாவூரில் அவர் சித்த வைத்தியர். 'பண்டிதர்' வந்தது அந்த வழியில். பண்டிதர் என்றாலும் கற்றவர் என்றுதானே அர்த்தம்? அங்கே கவிராஜ் போன பாதையிலேயே இங்கே பண்டிதர் போயிருக்கிறார்.

பெயரின் வாலைப் பார்த்ததும் "இவர் இன்ன ஆளு" என்று முடிவு கட்டுவது நம் எல்லோருக்கும் பழகிப்போன வேலை. நானும் செய்திருக்கிறேன். ஆனால் கவிராஜ் என்ற வாலுக்குப் பின்னால் புலவர் இருக்கலாம், வைத்தியர் இருக்கலாம், தத்துவ அறிஞர் இருக்கலாம். இந்து இருக்கலாம், முஸ்லிம் இருக்கலாம். எப்போதோ ஒருவர் நன்றாகப் படித்திருந்தார், ஊர் அதை மதித்தது. அந்தப் பெயரிலிருந்து உறுதியாகத் தெரிவது அவ்வளவுதான்.

நண்பருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன்: "எங்கள் கவிராயர் வைத்தியர் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது தப்பான கேள்வியும் இல்லை."