ஊடகக் கல்வி: தொழில் முந்தியதா, பட்டம் முந்தியதா?

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாள்களில், பாலாற்றங்கரை ஊர்களின் பங்கு இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு வினா எழுகின்றது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிடும் ஆலைகளில் உழைக்கும் தந்தையரும், காலணித் தொழிற்சாலைகளில் தையல் எந்திரத்தின் முன் அமரும் தாய்மாரும், "பிள்ளை விஸ்காம்தான் படிப்பேன் என்கிறான், படித்தால் வேலை கிடைக்குமா, சாமி?" என்று கேட்கின்றனர். இவ்வினாவை எளிதாகக் கருதுதல் தகாது. கூலியில் மிச்சம் பிடித்த பணமும், அடகுக் கடைக்குச் செல்லவிருக்கும் நகையும் அதன் பின்னே நிற்கின்றன. விடை கூறுமுன், இக்கல்வி நம்மிடையே வந்த வழியைச் சற்றே திரும்பி நோக்குவது நலம்.

தமிழ் எழுத்துகளைக் கொண்டு அச்சேறிய நூல்களுள் நமக்குக் கிடைத்திருப்பனவற்றில் முதன்மையானது, 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல் அது. அதனைத் தமிழில் தந்த இயேசு சபைக் குரு அன்றீக் அன்றீக்கஸ் அடிகளார் அச்சுத் தொழில் பயின்றவர் அல்லர். எழுத்துகளை வார்த்தவர்கள் வேறு சிலர். அடிகளார் இந்தியாவிற்கு வந்தது 1546-இல். முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்து, அவர்தம் பேச்சைக் கேட்டு, தமிழுக்கு இலக்கணக் குறிப்புகளும் எழுதிய பின்னரே அச்சு எந்திரம் அவர் கைக்கு எட்டியது. மொழியும் மக்களும் முதலில். கருவி முப்பதாண்டுகளுக்குப் பின்னர். நம் தமிழ் ஊடக வரலாற்றின் முதற்பக்கமே இவ்வரிசையை உணர்த்துகின்றது.

பின்வந்த நூற்றாண்டுகளிலும் இதே நிலைதான். 1878-இல் 'தி இந்து' இதழைத் தோற்றுவித்த இளைஞர்களுள் ஒருவரும், 1882-இல் 'சுதேசமித்திரன்' கண்டவருமான ஜி. சுப்பிரமணிய ஐயர், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1904-இல் 'சுதேசமித்திர'னில் உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதியாரும் அதற்குச் சற்று முன்னர் மதுரையில் தமிழாசிரியராக இருந்தார். 1942-இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார் வழக்கறிஞர். இவர்களுள் எவரும் இதழியல் பட்டம் பெற்றவரல்லர். சென்னைப் பல்கலைக்கழகம் இதழியலுக்கென வகுப்பு நடத்த முற்பட்டதே 1947-இல்தான் அன்றோ? அதற்கு ஆறாண்டுகள் முன்னர், 1941-இல், லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் அத்தகைய துறையொன்றைத் தொடங்கியிருந்தது.

வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபோதும் கருவியே முந்தியது, கல்லூரி பின்தொடர்ந்தது. 1924-இல் சென்னையில் வானொலிக் கழகம் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழுந்தது. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையமும், 1993-இல் 'சன்' தொலைக்காட்சியும் வந்தன. தனியார் அலைவரிசைகள் பெருகி ஆள்தேவை மிகுந்த தொண்ணூறுகளிலும் அதன் பின்னருமே, காட்சித் தகவலியல் என்னும் இளநிலைப் பட்டப்படிப்பு தமிழகக் கல்லூரிகளில் பரவலாயிற்று. சென்னை இலயோலாக் கல்லூரி இதில் முன்னோடிகளுள் ஒன்றாகத் திகழ்ந்தது. இதற்கான தூண்டுதல் திருச்சபையில் முன்னரே எழுந்திருந்தது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணை, குருக்கள், துறவியர் மட்டுமன்றிப் பொதுநிலையினரும் இத்துறையில் முறையான பயிற்சி பெறவேண்டும் என்றும், அதற்கான கல்விக்கூடங்கள் பெருகவேண்டும் என்றும் வலியுறுத்திற்று.

தொழில் முந்தியது, பட்டம் பிந்தியது என்றால், பட்டம் வீண் என்று முடிவு கட்டலாமா? அங்ஙனம் அவசரப்படுவோருக்கு நம் பகுதியின் தோல் தொழிலே விடை பகரும்.

ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் கலையை நம் முன்னோர் குழியருகே நின்று கற்றனர். சுண்ணாம்புக் குழியில் எத்தனை நாள் ஊறவேண்டும் என்பதைக் கைவிரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் சென்னையில் குரோமியம் கொண்டு பதனிடும் முறையைச் சோதித்துப் புகுத்தினார். 1915-இல் சென்னையில் தோல் தொழிற்பள்ளி தோன்றியது; 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. குழியில் கற்ற அனுபவம் ஆவாரம் பட்டைக்குப் போதுமானதாயிருந்தது. குரோமியத்துக்கு வேதியியல் வேண்டியிருந்தது. கழிவுநீருக்கோ அறிவியலோடு சட்டமும் மனச்சான்றும் வேண்டியிருந்தன.

அவை உரிய காலத்தில் கூடிவராததன் விளைவை நாம் அறிவோம். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் மிகுந்த பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசு செய்தவரே அதற்கான இழப்பைச் செலுத்த வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அது நிலைநிறுத்தியது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. ஆயினும் பாலாற்றின் துயரம் முடியவில்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர் மாண்டனர். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் இதே வேலூர்ப் பகுதியின் மாசு குறித்துத் தீர்ப்புரைக்க நேர்ந்தது.

இக்கதையை உலகுக்கு எடுத்துரைப்பவர் யார்? ஒரு நாள் வந்து, வறண்ட ஆற்றையும் நிறம் மாறிய கிணற்றையும் படமெடுத்துச் செல்பவர் அதன் பாதியைத்தான் காண்பார். ஆலை மூடப்பட்டால் அன்று மாலை அடுப்பு எரியாத வீட்டை அவர் அறியார். அவ்வீட்டில் பிறந்த பிள்ளை இரண்டையும் அறியும். உழவரின் தமிழும், ஆம்பூர்க் கடைத்தெருவின் உருதும் அதன் காதுக்குப் பழகியவை. அத்தகைய பிள்ளைக்கு நீதிமன்றத் தீர்ப்பைப் படிக்கவும், ஆய்வுக்கூட அறிக்கையின் எண்களைப் புரிந்துகொள்ளவும், இரு தரப்பையும் வினவிச் சரிபார்க்கவும் ஒரு கல்லூரி கற்பிக்குமானால், அந்தப் பட்டம் விலைமதிப்புள்ளது.

பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் இதிலிருந்தே கிடைக்கின்றது. பணியிடத்திலேயே கற்றுக்கொள்ளக் கூடியதை மட்டும் கற்பிக்கும் படிப்புக்குப் பெரும்பணம் கொடுப்பது பயனற்றது. ஒளிப்படக் கருவி இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கின்றது; இயக்கும் முறையும் ஆண்டுக்கொரு முறை மாறுகின்றது. போலிப் படமும் பொய்க் குரலும் நொடியில் பிறக்கும் இக்காலத்தில், பணியிடத்தின் அவசரம் கற்றுத்தராத மூன்றைக் கல்லூரி கற்றுத்தருகின்றதா என்று பாருங்கள்: பிழையற எழுதும் மொழிப்பயிற்சி, உண்மையைச் சரிபார்க்கும் முறை, சட்டமும் அறநெறியும். ஆசிரியர்களுள் செய்தித்தாளிலோ ஒலி, ஒளிபரப்பிலோ பணிபுரிந்தவர் உண்டா, பயிற்சிக் கருவிகள் மாணவர் கைக்கு உண்மையாகவே எட்டுகின்றனவா, முன்பு படித்தவர்கள் இன்று எங்கே பணிபுரிகின்றனர் என்பவற்றை நேரில் சென்று கேட்டறியுங்கள்.

இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. மருத்துவத்துக்கும் வழக்கறிஞர் தொழிலுக்கும் இருப்பதுபோல, இதழாளர் ஆவதற்குக் குறிப்பிட்ட பட்டம் வேண்டும் என்னும் சட்டம் இந்நாட்டில் இல்லை. 2013-இல் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் தலைவராயிருந்த நீதியரசர் மார்க்கண்டேய கட்ஜு, குறைந்தபட்சக் கல்வித் தகுதி குறித்து ஆராயக் குழு அமைத்தார், அது சட்டமாகவில்லை. ஆகவே பொருளியலோ வேதியியலோ தமிழோ மூன்றாண்டுகள் கற்று, அதன்பின் முதுநிலையில் இதழியலுக்குச் செல்வதும் நேரிய வழியே. கடன்சுமை அஞ்சும் குடும்பத்துக்கு, அருகிலுள்ள கல்லூரியில் இளநிலையை முடிக்கும் இவ்வழி அமைதியையும் தரும். படிப்பு நடுவே மனம் மாறினும் கையில் ஒரு துறை எஞ்சியிருக்கும்.

விண்ணப்பம் நிரப்புமுன், விடுமுறையில் பிள்ளையிடம் ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். தந்தை பணிபுரியும் ஆலையைப் பற்றியோ, தெருமுனைக் கிணற்றைப் பற்றியோ, நால்வரிடம் கேட்டு இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கேட்டவை சரிதானா என்று மீண்டும் அவர்களிடமே சென்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை நடக்கச் சலிக்காத பிள்ளையாயின், துணிந்து அனுப்பலாம்.